பச்சை மாறுவதற்கு முன்

ஏப்ரல் கழிந்து மே பிறக்கும்போது மத்திய ஐரோப்பாவின் மலைக்காடுகளில் வெயில் மெல்ல ஏறும். காற்றின் வெப்பம் 16, 17 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஏதோ ஒரு பிற்பகலில், குளிர்காலத்தை மண்ணுக்குள்ளும் பட்டை இடுக்கிலும் கழித்த பட்டை வண்டுகள் பறக்கத் தொடங்கும். நீளம் 4 முதல் 5.5 மில்லிமீட்டர், ஓர் அரிசிமணி அளவு. முதலில் வருவது ஆண் வண்டு. ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் பட்டையைத் துளைத்து உள்ளே ஒரு சிறு அறை குடைந்துகொண்டு, தன் இனத்தைக் கூப்பிடும் ஒரு மணத்தை வெளியே விடும். அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் மற்ற வண்டுகள் வந்து இறங்கும். மரமும் கைகட்டி நிற்பதில்லை. துளைத்த இடத்திலெல்லாம் பிசினைப் பெருக்கி வந்தவற்றை மூழ்கடிக்கப் பார்க்கும். மழை பொய்த்த ஆண்டில் பிசின் சுரக்கவும் அதற்குத் தெம்பு இருக்காது. பெண் வண்டுகள் பட்டைக்கு அடியில் மேலும் கீழுமாகச் சுரங்கம் வெட்டி, இரு பக்கமும் முட்டையிடும். பொரித்து வரும் புழுக்கள் பக்கவாட்டில் அரித்துச் செல்லும். பட்டையை உரித்துப் பார்த்தால் அந்தத் தடங்கள் விரித்து வைத்த புத்தகத்தின் வரிகளைப் போலத் தெரியும். அதனால்தான் ஜெர்மானியர்கள் இந்த வண்டுக்குப் ‘புத்தகம் அச்சடிப்பவன்’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். இலைகள் சமைத்த உணவை வேருக்குக் கொண்டுபோகும் புளோயம் துண்டு துண்டாகிறது. வண்டின் உடலில் ஒட்டிவந்த பூஞ்சை, நீர் ஏறும் பாதையை அடைக்கிறது. அடிமரத்தைச் சுற்றிலும் பாசியின் மீதும் சிலந்தி வலையின் மீதும் மூக்குப்பொடி நிறத்தில் மெல்லிய மரத்தூள் படிந்திருக்கும். ஆனால் தலையை நிமிர்த்திப் பார்த்தால் மரம் பச்சைப் பசேலென்று நிற்கும்.

இந்த நிலைக்கு வனவியலாளர்கள் ‘பச்சைத் தாக்குதல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்து ஊசியிலைகள் வெளிறி மஞ்சளாகி, செம்பழுப்பாக மாறுவது ‘சிவப்புக் கட்டம்’. இலையெல்லாம் கொட்டி எலும்புக்கூடாக நிற்பது ‘சாம்பல் கட்டம்’. மரத்துக்கு வைத்தியம் ஏதும் கிடையாது. காட்டை வைத்திருப்பவரால் ஒன்று மட்டும் முடியும்: உள்ளே வளரும் புதிய தலைமுறை வண்டுகள் வெளியே பறப்பதற்குள் அந்த மரத்தை வெட்டி, காட்டைவிட்டு அகற்றுவது, அல்லது பட்டையை உரித்துவிடுவது. முட்டை வண்டாக ஆறிலிருந்து பத்து வாரம் போதும். கோடை எவ்வளவு சூடோ அவ்வளவு விரைவு. முன்பு தாழ்நிலக் காடுகளில் ஆண்டுக்கு இரண்டு தலைமுறை என்றிருந்தது, கடும் வெப்ப ஆண்டுகளில் மூன்றை எட்டுகிறது. ஆக, ‘முன்கூட்டியே கண்டறிதல்’ என்ற சொல்லுக்கு இங்கே மிகத் துல்லியமான பொருள் உண்டு. மரம் சாவதற்கு முன்பு கண்டுபிடிப்பது என்று அதற்கு அர்த்தமில்லை. அந்த மரம் எப்படியும் போனதுதான். பக்கத்து மரங்களைக் காப்பாற்றக் கால அவகாசம் மிச்சமிருக்கும்போதே கண்டுபிடிப்பது என்பதுதான் பொருள். வானிலிருந்து காடுகளைப் பார்க்கும் தொலையுணர்வுத் தொழில்நுட்பத்தைப் பற்றிய புகழ்ச்சியையும் ஏமாற்றத்தையும் இந்தக் கடிகாரத்தை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. எத்தனை மீட்டர் துல்லியம், எத்தனை சதவீதம் சரி என்ற கேள்விகள் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

எடைபோட வேண்டிய அளவுக்கு இழப்பு பெரியது. 2018-இல் தொடங்கிய தொடர் வறட்சியும் வண்டும் புயலும் சேர்ந்து, 2021 ஏப்ரலுக்குள் ஜெர்மனியில் ஏறத்தாழ 5 லட்சம் ஹெக்டேர் மரப்போர்வையை அழித்துவிட்டன. அந்நாட்டுக் காட்டுப்பரப்பில் சுமார் 5 சதவீதம். இதைக் கணக்கிட்டுச் சொன்னது ஜெர்மன் விண்வெளி மையம், அதுவும் செயற்கைக்கோள் படங்களை வைத்துத்தான். ஹார்ஸ் மலைத்தொடரில் ஒரு காலத்தில் கரும்பச்சையாக மூடிக்கிடந்த சரிவுகள் சாம்பல் கம்பங்களின் வரிசையாகிவிட்டன. அட்லாண்டிக்குக்கு அப்பால், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்தது இன்னும் பெரிது. அங்கே லாட்ஜ்போல் பைன் மரங்களைத் தாக்கிய மலைப் பைன் வண்டு 1990-களில் பெருகத் தொடங்கி, சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைத் தொட்டுவிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான். முன்பெல்லாம் பட்டைக்குள் இருக்கும் புழுக்களை உறையவைத்துக் கொல்லும் கடுங்குளிர் அவ்வப்போது வந்து கணக்கைத் தீர்த்துவிடும். குளிர்காலங்கள் இளகியபோது அந்தக் காவல் போயிற்று. காட்டுத்தீயைப் பல பத்தாண்டுகள் அணைத்து அணைத்து, ஒரே வயதுள்ள முதிர்ந்த பைன் மரங்களைப் பெருக விட்டதும் வண்டுக்கு விருந்தானது. 2006-இல் அது ராக்கி மலைகளைப் பெருங்கூட்டமாகத் தாண்டி ஆல்பர்ட்டாவுக்குள் இறங்கியது. காற்றிலுள்ள கரியை உறிஞ்சிவந்த அந்தக் காடு, வண்டின் தாக்குதலால் கரியை வெளிவிடும் காடாக மாறிவிட்டது என்று 2008-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு சொன்னது. ஓர் அரிசிமணிப் பூச்சி ஒரு மாநிலக் காட்டின் கரிக்கணக்கையே மாற்றி எழுதியிருக்கிறது.

வானிலிருந்து இதைக் காண முடியும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை, இலை ஒளியை நடத்தும் விதம். இலையிலுள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் விழுங்கி, பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பியனுப்புகிறது. அதனால் இலை நமக்குப் பச்சை. நம் கண்ணுக்கு எட்டாத அருகு அகச்சிவப்பு ஒளியை இலை கிட்டத்தட்ட உண்பதே இல்லை. இலைக்குள் இருக்கும் செல்களும் அவற்றுக்கிடையிலான காற்று இடைவெளிகளும் அதைச் சிதறடித்துத் திருப்பி எறிகின்றன. நம் கண்ணுக்கு அகச்சிவப்பு தெரிந்திருந்தால், ஒரு நல்ல தோப்பு பனிவயல்போல ஒளிரும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தக் குணத்தைத்தான் படைகள் பயன்படுத்தின. பச்சை வண்ணம் பூசிய துணியும் வெட்டிப்போட்ட தழையும் உயிருள்ள புதரைப் போலக் கண்ணை ஏமாற்றும். அகச்சிவப்புக்கு உணர்வுள்ள படச்சுருளை ஏமாற்ற முடியாது. அந்தச் சுருள் போருக்குப் பின் வனவியலாளர் கைக்கு வந்தது. மரம் நலிவடையும்போது மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. பச்சையம் குறையக் குறைய, சிவப்பு ஒளிக்கும் அகச்சிவப்புக்கும் நடுவே செங்குத்தாக ஏறும் ‘சிவப்பு விளிம்பு’ என்ற பகுதி குறுகிய அலைநீளத்தின் பக்கம் சற்றே நகர்கிறது. இலையில் நீர் குறைந்தால், நீரால் உறிஞ்சப்பட வேண்டிய குற்றலை அகச்சிவப்பு கூடுதலாகத் திரும்பி வருகிறது. இலைத்துளைகளை மூடிக்கொண்ட மரம் நீராவியாக வியர்ப்பதில்லை. ஆகவே அதன் தலை பக்கத்து மரத்தைவிடச் சற்றே சூடாகிறது. உடம்பு சுடுகிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பதைப் போன்றதுதான் வெப்ப உணரியின் வேலை.

இந்த மாற்றங்களைப் பதிவுசெய்யக் கருவிகளுக்குக் குறைவில்லை. 1972-இல் ஏவப்பட்ட முதல் லாண்ட்சாட் செயற்கைக்கோளிலிருந்து இன்றுவரை அறுபடாத பதிவு இருக்கிறது. 2008-இல் அந்தப் படக்களஞ்சியம் முழுவதும் இலவசமானது, காடுகளைப் பற்றிய அறிவில் அது ஒரு திருப்பம். 2015-இலும் 2017-இலும் ஐரோப்பா ஏவிய இரண்டு சென்டினல்-2 கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுத்தன. சிவப்பு விளிம்புக்கென்றே மூன்று அலைவரிசைகள் அவற்றில் உண்டு. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பவேரியக் காட்டில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பச்சைத் தாக்குதலைப் பிரித்துக் காட்டுவதில் லாண்ட்சாட்-8-ஐவிட சென்டினல்-2 தெளிவாக முந்தியது. ஆனால் அந்தச் சிவப்பு விளிம்பு வரிசைகளின் ஒரு பிக்சல் தரையில் 20 மீட்டருக்கு 20 மீட்டர். ஹெக்டேருக்கு 400 மரம் என்று வைத்தால் ஒரு பிக்சலுக்குள் 16 மரங்கள் அடங்கும். வண்டு முதலில் இறங்குவதோ ஒன்றிரண்டு மரங்களில். பதினைந்து பேர் உரக்கப் பாடும்போது ஒருவரின் குரல் கம்முவதைக் கேட்கும் முயற்சி இது.

இதைவிடப் பெரிய தடை மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. பட்டைக்கு அடியில் நடக்கும் அழிவு உச்சியிலுள்ள இலையை எட்ட நாளாகும். கோடைப் பிற்பகுதியில் தாக்கப்பட்ட ஸ்புரூஸ் மரங்களில், மரங்கொத்தி கொத்தியும் தானே கழன்றும் பட்டை உரிந்து விழுந்த பிறகும் தலை பச்சையாக நிற்பதுண்டு. மேலிருந்து பார்க்கும் எந்தக் கருவிக்கும் அது நலமான மரம். மலைப் பைன் வண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தாக்கினால், இலை செம்மையடைவது மறுஆண்டு வேனிலில்தான். கிட்டத்தட்ட அதே நாட்களில் புதிய வண்டுகள் பறக்கவும் தயாராகிவிடும். இதற்கிடையில் மேகம் வேறு. ஐந்து நாளுக்கு ஒரு படம் என்பது ஏட்டில் உள்ள கணக்கு. மலைக்காட்டின் மீது மூன்று வாரம் மேகம் தங்கிவிட்டால் எட்டு வார அவகாசத்தில் மூன்று வாரம் குருட்டுக் காலம். படத்தைப் பெற்று, திருத்தி, ஆராய்ந்து, வரைபடமாக்கி, அது வன அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஆள் கிளம்புவதற்கும் நாட்கள் செலவாகின்றன. கனடிய வனத்துறையின் மைக்கேல் வுல்டரும் சகாக்களும் 2009-இல் இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து, மலைப் பைன் வண்டின் பச்சைத் தாக்குதலை வானிலிருந்து கண்டறிவதை அன்றாட வன நிர்வாகத்தில் நடைமுறைப்படுத்துவது கடினம் என்று எழுதினார்கள். கருவிகள் அதன்பின் எவ்வளவோ கூர்மையடைந்துவிட்டன. ஆனால் அவர்கள் சுட்டிய சிக்கல் கூர்மை பற்றியது மட்டுமன்று, காலம் பற்றியது. அதற்குக் கருவியால் பாதி விடைதான் சொல்ல முடியும்.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதம் வரும்: இன்று ட்ரோன் இருக்கிறது, நூற்றுக்கணக்கான அலைவரிசைகளில் பார்க்கும் நிறமாலைக் கருவி இருக்கிறது, செயற்கை நுண்ணறிவு இருக்கிறது, ஆய்வுக்கட்டுரைகளில் தொண்ணூறு சதவீதத் துல்லியம் என்றெல்லாம் எழுதுகிறார்களே, இன்னும் என்ன தயக்கம்? இந்தச் சதவீதத்தை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்பது நல்லது. எடுத்துக்காட்டுக்கு, ஒரு லட்சம் மரங்கள் உள்ள காடு. அதில் 200 மரங்களில் வண்டு ஏறியிருக்கிறது. நோயுற்ற மரத்தை நோயுற்றது என்றும் நலமானதை நலமானது என்றும் சொல்வதில் நம் கருவி நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரி என்று வைப்போம். 200-இல் 180-ஐ அது பிடித்துவிடும், நல்ல விஷயம். ஆனால் நலமான 99,800 மரங்களில் பத்தில் ஒன்றை, அதாவது 9,980 மரங்களை, நோயுற்றவை என்று தவறாகச் சொல்லும். வரைபடத்தில் மொத்தம் 10,160 சிவப்புப் புள்ளிகள். அவற்றில் 56-க்கு ஒன்றுதான் உண்மை. அதை நம்பிக் கோடரி தூக்கினால் காட்டை அழித்தது வண்டா நாமா என்ற கேள்வி வந்துவிடும். ஆய்வுக்களத்தில் நோயுற்ற மரமும் நலமான மரமும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் எடுத்துக்கொள்ளப்படுவதால் தொண்ணூறு சதவீதம் என்பது கம்பீரமாகத் தெரிகிறது. மெய்யான காட்டில் நோய் அரிது. அரிதான ஒன்றைத் தேடும் எந்தச் சோதனைக்கும், மருத்துவமனையில் செய்யும் சோதனைக்கும்கூட, இந்தத் தொல்லை உண்டு.

அப்படியானால் விட்டுவிடலாமா என்றால், கூடாது. அதே கணக்கை இன்னொரு விதமாகப் போடுவோம். காடு முழுவதையும் சமமாகத் தேடாமல், வண்டு வர வாய்ப்பு மிகுந்த 5,000 மரங்களை மட்டும் முதலில் ஒதுக்கிக்கொள்கிறோம். இருநூறில் நூறு மரங்கள் அதற்குள் இருக்கின்றன. கருவி அதே தொண்ணூறு சதவீதக் கருவிதான். இப்போது அது 90 மரங்களைச் சரியாகவும் 490 மரங்களைத் தவறாகவும் காட்டும். 580 புள்ளிகளில் ஏறத்தாழ ஆறுக்கு ஒன்று உண்மை. ஒரு வன ஊழியர் சில நாட்களில் நடந்து முடித்துவிடக்கூடிய தூரம் அது. கருவியை மாற்றவே இல்லை; எங்கே பார்ப்பது என்ற முன்னறிவை மட்டுமே சேர்த்தோம். தொலையுணர்வின் உண்மையான பயன் இந்த முன்னறிவைத் தருவதில்தான் இருக்கிறது.

முன்னறிவு இரண்டு வழிகளில் கிடைக்கிறது. முதலாவது, செத்துப்போன மரங்களின் வரைபடம். சிவப்புக் கட்டத்தையும் சாம்பல் கட்டத்தையும் செயற்கைக்கோள் எவ்விதத் தடுமாற்றமுமின்றிக் காட்டும். அதில் சர்ச்சை கிடையாது. “செத்த பிறகு காட்டி என்ன பயன்?” என்று கேட்பவர்கள் வண்டின் பழக்கத்தை மறந்துவிடுகிறார்கள். புதிய தாக்குதல்களில் பெரும்பாலானவை பழைய தாக்குதலிலிருந்து சில நூறு மீட்டருக்குள் நிகழ்கின்றன. அதிலும் வெட்டித் திறந்துவிட்ட இடத்தின் விளிம்பில், திடீரென்று வெயில் படும் மரங்கள் முதல் பலி. ஆகவே சென்ற ஆண்டு இறந்த மரங்களின் தாமதமான படம், இந்த ஆண்டு எங்கே நடக்கவேண்டும் என்பதற்கு மிகவும் சரியான நேரத்தில் வந்த படம். இரண்டாவது வழி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஸ்வீடன் வேளாண் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், சிவப்பு ஒளியையும் குற்றலை அகச்சிவப்பையும் சேர்த்து ஒரு புதிய குறியீட்டை அமைத்து சென்டினல்-2 படங்களைச் சோதித்தார்கள். பின்னர் தாக்கப்பட்ட மரத்தொகுதிகள், வண்டு வருவதற்கு முன்பே, வளர்பருவத்தின் தொடக்கத்திலேயே மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தன. அதாவது கோள் பார்த்தது வண்டை அன்று. வண்டு தேர்ந்தெடுக்கப்போகிற நலிந்த மரத்தை. நலிவைக் கண்டுபிடிப்பதில் வண்டுக்கும் செயற்கைக்கோளுக்கும் நடக்கும் போட்டியில், மனிதன் சில வாரங்கள் முந்திக்கொள்ள இடம் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

இதற்கும் மறுப்பு உண்டு, அது நியாயமான மறுப்பு. நலிவுக்கு வண்டு மட்டும் காரணமில்லை. வறட்சி, வேரழுகல், மண்ணின் ஏழ்மை, முதுமை எல்லாமே இலையில் ஏறக்குறைய ஒரே கையெழுத்தைத்தான் போடுகின்றன. 2018-ஐப் போன்ற ஆண்டில் காடு முழுவதுமே தாகத்தில் வாடும்போது எல்லா மரமும் ஒரே குறியீட்டைக் காட்டும். வரைபடம் முழுக்கச் சிவப்பானால் அதில் செய்தி ஏது? இதை மறுக்க நான் முயலமாட்டேன். பெருவறட்சியில் இந்த முறை பெரிதும் தடுமாறும் என்பது உண்மை. ஆனால் பெருந்தொற்று ஒரே நாளில் பெருந்தொற்றாவதில்லை. வண்டின் எண்ணிக்கை குறைவாக இருக்கும் சாதாரண ஆண்டுகளில் அது நலிந்த, சாய்ந்த, புயலில் விழுந்த மரங்களில்தான் வாழ்கிறது. 2005 ஜனவரியில் குட்ரூன் புயல் தெற்கு ஸ்வீடனில் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தபோது, அந்த விழுந்த மரங்கள்தான் வண்டுக்கு நாற்றங்காலாயின. அந்த அமைதியான ஆண்டுகளில், விழுந்ததையும் நலிந்ததையும் தேடி எடுப்பதில்தான் இந்த வரைபடங்கள் விலைமதிப்பற்றவை. தீப்பற்றி எரியும்போது கூரையைப் படமெடுப்பதைவிட, காய்ந்த ஓலை எங்கே கிடக்கிறது என்று முன்பே அறிவது மேல்.

வரைபடத்துக்குப் பிறகு நடையும் மூக்கும் தேவைப்படுகின்றன. ஆரம்பத் தாக்குதலின் நம்பத்தக்க அறிகுறி இன்றும் அந்த மூக்குப்பொடி நிறத் தூள்தான். மழை பெய்தால் அதுவும் அடித்துச் செல்லப்பட்டுவிடும். ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் வண்டின் அழைப்பு மணத்தை முகர்ந்து கண்டுபிடிக்க நாய்களைப் பழக்கியிருக்கிறார்கள். மனிதக் கண்ணுக்கு எட்டாத தொலைவிலேயே அவை தாக்கப்பட்ட மரத்தை நோக்கி இழுத்துச் செல்கின்றன. செயற்கைக்கோள் சரிவைக் காட்ட, ட்ரோன் மரக்கூட்டத்தைக் காட்ட, நாய் மரத்தைக் காட்ட, ஊழியர் பட்டையைச் சீவி உறுதி செய்வது என்ற இந்தப் படிக்கட்டில் எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க முடியாது. ஆனால் மானியக் குழுக்களுக்கு மேல்படிதான் பளபளப்பாகத் தெரிகிறது. கோளுக்கும் மென்பொருளுக்கும் எளிதில் கிடைக்கும் பணம், காட்டில் நடக்கும் ஆளின் சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை. இதை ஒரு சிறு குறையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. மற்ற எல்லாவற்றையும் வீணாக்கிவிடக்கூடிய குறை இது.

பூச்சி மாறினால் படிக்கட்டும் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். நம் தென்னந்தோப்புக்காரர்கள் நன்கறிந்த சிவப்புக் கூன்வண்டு தெற்கு, தென்கிழக்கு ஆசியாவுக்கு உரியது. 1980-களில் வளைகுடா நாடுகளுக்குப் போய் பேரீச்சையைத் தின்னத் தொடங்கி, 1990-களில் எகிப்தையும் ஸ்பெயினையும் எட்டியது. புழு மரத்தின் உள்ளேயே இருந்து தின்னும். தண்டின் ஓட்டையில் செம்பழுப்புச் சாறு வடிவதும், மென்ற நார் பிதுங்குவதும், காதை வைத்தால் கேட்கும் கறுமுறுவென்ற ஒலியும்தான் ஆரம்ப அடையாளங்கள். தென்னைக்கும் பேரீச்சைக்கும் வளரும் முனை ஒன்றே ஒன்று. குருத்து வாடி, கொண்டை சாய்ந்து மேலிருந்து தெரியும் நாளில் அந்த முனை தின்று தீர்க்கப்பட்டிருக்கும். இங்கே மேலிருந்து பார்ப்பதைவிட உள்ளிருந்து கேட்பது பொருத்தம். சவூதி அரேபியாவின் கிங் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், கண்ணாடி இழையை மரத்தண்டுகளில் சுற்றி, புழு மெல்லும் அதிர்வை அந்த இழையில் ஓடும் லேசர் ஒளியால் உணரும் முறையைச் சோதித்திருக்கிறார்கள். தோப்புக்காரர் காதை வைத்துக் கேட்ட அதே ஒலிதான். ஆயிரம் மரத்துக்கு ஒரே காது. அமெரிக்காவில் ஆஷ் மரங்களைத் தாக்கும் மரகதத் துளைப்பான் வண்டு, 2002-இல் டெட்ராய்ட் பகுதியில் அடையாளம் காணப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்து குடியேறியிருந்தது. யாரும் அதைத் தேடவில்லை. தேடாததைக் காட்டும் கருவி எதுவும் கிடையாது.

இன்னொரு தரப்பு இந்த முயற்சி முழுவதையுமே கேள்வி கேட்கிறது. வண்டும் காட்டின் பிள்ளைதானே, அதை ஏன் துரத்த வேண்டும் என்பது அவர்கள் வாதம். 1970-இல் அமைக்கப்பட்ட பவேரியக் காடு தேசியப் பூங்காவில், 1983-இன் புயலில் விழுந்த மரங்களை உள்பகுதியில் அப்படியே விட்டார்கள். 1990-களில் வண்டு பெருகி முதிர்ந்த ஸ்புரூஸ் மரங்கள் பல்லாயிரம் ஹெக்டேர் அளவிலான மலைப்பகுதியில் மடிந்தன. சுற்றுவட்டார மக்கள் கொதித்துப் போனார்கள். இன்று அந்தச் செத்த மரங்களுக்கிடையே இளங்காடு அடர்ந்து எழுந்திருக்கிறது, முன்பிருந்ததைவிடப் பலவகை உயிர்களுக்கு இடம் தந்தபடி. இந்தச் சான்றை நான் மதிக்கிறேன். பாதுகாக்கப்பட்ட பெருங்காட்டின் நடுவே கோடரி தேவையில்லை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அதே பூங்கா தன் எல்லையோரமாகக் குறைந்தது 500 மீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையில் வண்டைத் தேடித் தேடி அகற்றுகிறது, அப்பால் இருக்கும் குடியானவர்களின் காடு பிழைக்கவேண்டும் என்பதற்காக. எங்கே விடுவது, எங்கே தடுப்பது என்று முடிவெடுக்க வண்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தாகவேண்டும். விட்டுவிடலாம் என்பவருக்கும் அதே வரைபடம்தான் வேண்டும்.

கடைசியாக, கண்டுபிடித்த மரத்தை யார் வெட்டுவது? ஜெர்மனியின் காட்டில் ஏறத்தாழப் பாதி தனியாருடையது. உடைமையாளர்கள் சுமார் 20 லட்சம் பேர். பலரிடம் இருப்பது பாட்டன் வழி வந்த ஒன்றிரண்டு ஹெக்டேர். அவர்கள் வேறு ஊரில் வேறு வேலையில் இருக்கிறார்கள். தங்கள் காட்டின் எல்லைக்கல் எங்கே என்றுகூடத் தெரியாதவர்கள் உண்டு. 2019-இலும் 2020-இலும் வண்டு தின்ற மரம் சந்தையில் குவிந்து, பல இடங்களில் வெட்டுக்கூலிக்குக்கூட விலை கட்டவில்லை. அறுவை ஆலைகளில் இடமில்லை, வெட்டும் எந்திரங்களுக்கும் ஏற்றிச்செல்லும் லாரிகளுக்கும் வரிசை. தாக்கப்பட்டது என்று தெரிந்த மரங்களே வாரக்கணக்கில் நின்று, உள்ளிருந்த வண்டுகள் பறந்துபோயின. ஆகவே, வானிலிருந்து வரும் எச்சரிக்கைக்கு ஒதுக்கும் ஒவ்வொரு தொகையோடும், அந்த எச்சரிக்கை சிறு உடைமையாளரின் கையில் வாரத்துக்குள் சேர்வதற்கும், பல சிறு காடுகளுக்குச் சேர்த்து ஒரே கூட்டுறவு வெட்டுக்குழு போவதற்கும், விற்காத மரத்தைப் பட்டை உரித்தாவது போடுவதற்கும் பணம் ஒதுக்கப்படவேண்டும். கோள் ஐந்தாம் நாள் மீண்டும் அதே சரிவின் மேல் வந்துவிடும். அதற்குள் அந்தச் சரிவுக்கு யாராவது ஒருவர் நடந்து போயிருக்க வேண்டும்.